நாகமுத்துவின் நிப்பாட்டு பட்டன்

தொண்ணூற்றொன்பதில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ரெம்பியா தாமான் குடியிருப்பு வீட்டில் நாகமுத்து ஒரு முடிவுக்கு வந்தான். இன்றைக்கு டிவியில் மலாக்கா டீமின் பந்து ஆட்டத்தைப் பார்த்தே தீருவது. சாமியே வந்து மறித்தாலும் சரி!

மறித்தது சாமி இல்லை, பெண்டாட்டி பவானேஸ்வரி. பக்கத்து வீட்டுப் பெரியநாயகி அக்காவைக் கூப்பிட்டு ஹாலில் உட்கார வைத்தாள். சிடிப் பெட்டியை நெடுநேரம் கிளறி, ஒரு நாடகத்தை எடுத்து, டிவியோடு சேர்த்திருந்த கம்ப்யூட்டரில் போட்டாள். வீட்டில் டிவி ஒன்றுதான். அவளிடம் நேராகக் கேட்கிற தைரியம் நாகமுத்துவுக்குத் தாலி கட்டின அன்றே போய்விட்டது.

ஆனால் ஆள் லேசுப்பட்டவனா? படுக்கை ரூமில் இருந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஹால் கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் இழுத்திருந்தான். என்ன வயர் என்று கேட்டவளிடம் "லைட்டுக்கு" என்று சொல்லிவைத்திருந்தான். ரூமில் பிரௌசரைத் திறந்தால் ஒரு பக்கம் வரும். அதில் ஓட்டு, நிறுத்து என்று பட்டன்கள். இங்கே அழுத்தினால் அங்கே நடக்கும். நாடகம் ரெண்டு தடவை நின்றால் பொம்பளைகள் அலுத்துப்போய் எழுந்துவிடுவார்கள், டிவி நமக்கு. இதுதான் திட்டம்.

நாடகத்தில் மாமியார் கையை ஓங்கினாள். ரூமில் உட்கார்ந்து கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த நாகமுத்து அழுத்தினான். ஓங்கின கை அப்படியே நின்றது.

"என்னங்க! இது நின்னுபோச்சு!"

"சூடாயிருச்சு புள்ள! கொஞ்சம் ரெஸ்ட் குடு லா. டிவிய மாத்து, பந்து பாப்போம்."

"ஐயோ, அடி விழுந்துச்சா இல்லையான்னு தெரிய வேணாமா?"

அவளே மறுபடி ஓட விட்டாள். அவன் மறுபடி நிறுத்தினான்.

"இது மிஷின் கோளாறு இல்லடி, சாமி குத்தம்," என்றார் பெரியநாயகி அக்கா.

"எனக்கும் அப்படித்தான்க்கா தோணுது." பவானேஸ்வரி எழுந்து சாமி படத்துக்கு முன்னால் கை கூப்பினாள். "ஆத்தா, மாரியம்மா! இந்த நாடகம் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை நின்னுச்சுன்னா, ஒரு மண்டலத்துக்கு இந்த வீட்டுல கறி மீன் கிடையாது! இன்னிக்கு வாங்கின நண்டையும் அக்காவுக்கே குடுத்துடுறேன்!"

ரூமில் இருந்த நாகமுத்துவின் காதில் அது விழுந்தது. காலையில் கோலா சுங்கை பாரு கடற்கரை வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய், மீன்காரரிடம் மல்லுக்கட்டிப் பொறுக்கிய நண்டாச்சே! பட்டனிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தான்.

அப்போது பார்த்து, அட கஷ்டகாலமே, நாடகம் தானாகத் திக்கியது! பதறியடித்து 'ஓட்டு' அழுத்தினான். ஓடியது.

"நின்னுச்சாக்கா?"

"இல்லடி, கண்ணு சிமிட்டுச்சு."

மறுபடி திக்கியது. மறுபடி அழுத்தினான். மூக்கு அரித்தது, சொறியவில்லை. ஒண்ணுக்கு முட்டியது, எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் எவனோ "கோல்!" என்று கத்தினான். நாகமுத்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "தாயே, நண்டைக் காப்பாத்து!" என்று முனகிக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தான்.

நாடகம் முடிந்தது. பந்தும் முடிந்தது. வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தவன் தட்டில், பெரிய நண்டாகப் பார்த்து வைத்தாள் பவானேஸ்வரி.

"நல்லா சாப்பிடுங்க. கீறல் விழுந்த சிடி இன்னும் நாலு எடுத்து வச்சிருக்கேன், அடுத்த சனிக்கிழமையும் நீங்களே ரூம்ல உக்காந்து அழுத்துங்க."