அடிப்படை ஆண்டு

பல்கலைக்கழகத்தின் மாற்று எரிசக்தி ஆராய்ச்சி மையத்தில் ஒரு மாணவி ஏழு வருடமாக ஆராய்ச்சி செய்துவந்தாள். மையத்தின் மொட்டைமாடியில் நாற்பது சோலார் தகடுகளைப் பொருத்தி, தினமும் மூன்று வேளை மாடியேறி மீட்டரைக் குறித்துக்கொள்வாள். ஒரு வருடம் விடாமல் குறித்தால் ஆய்வேடு முடிந்துவிடும். பத்து மாதம் ஆகியிருந்தது. இந்த வருடமும் முடிக்காவிட்டால் பதிவே ரத்து. இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவள் மகள், "எங்கம்மா இன்னும் பாஸாகல" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. இந்த ஆண்டு அடிப்படை ஆண்டு. இதைவிட அடுத்த ஆண்டு எந்தத் துறை மின்சாரத்தை அதிகமாகக் குறைக்கிறதோ, அதற்கு விருது. அதன் தலைவருக்கு எரிசக்திக் கொள்கைக் குழுவில் நாற்காலி.

மையத்தின் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். அவளுடைய நெறியாளரும் அவர்தான்.

"நாம இதுவரைக்கும் எத்தனை யூனிட் எடுத்திருக்கோம்?"

"ஒண்ணுமே இல்ல சார். எல்லாம் மாடியிலேர்ந்தே வந்துடுது."

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒண்ணுமே இல்லாததுல எதம்மா குறைக்கிறது?"

"நாமதான் ஏற்கெனவே குறைச்சுட்டோமே சார்."

"அது யாருக்குத் தெரியும்? விலங்கியல் துறையைப் பாரு. பட்டப்பகல்ல எல்லா லைட்டும் எரியுது. முன்யோசனை உள்ளவங்க."

அன்றே 'மின்நுகர்வு மேம்பாட்டுக் குழு' அமைக்கப்பட்டது. ஜன்னல்களைத் திறந்துவைத்து ஏசி போடுவதென ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஆளில்லாத லிஃப்ட் மேலும் கீழுமாகப் போய்வந்தது. தட்டச்சர் அம்மாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தார். கண்ட விளக்கையெல்லாம் அணைத்துப் பழகிய எலெக்ட்ரீஷியனுக்கு, கையைச் சும்மா வைத்துக்கொள்ளும்படி எழுத்துபூர்வமாக உத்தரவு போனது.

இத்தனை செய்தும் பில் ஏறவில்லை. மாடியில் இருந்த தகடுகள் கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தன. பொறுத்துப் பார்த்த இயக்குநர், அவற்றின்மேல் தார்ப்பாய் போடச் சொல்லிவிட்டார்.

மாணவி ஓடிவந்தாள். "சார், இன்னும் ரெண்டே மாசம். அப்புறம் என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

"தகட்டைக் கழட்டவா சொன்னேன்? மூடத்தானே சொன்னேன்."

"மூடினா மின்சாரம் வராது சார்."

"அதை யாராவது நிரூபிச்சிருக்காங்களா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். யாரும் நிரூபித்ததில்லைதான். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு புதுத் தலைப்பை எழுதினாள்: 'முழுமையாக மூடப்பட்ட சூரியத் தகடுகளின் மின்னுற்பத்தித் திறன்: ஒரு கள ஆய்வு.'

மறுபடி மூன்று வேளை மாடியேறினாள். காலையில் பூஜ்யம், மதியம் பூஜ்யம், மாலையில் பூஜ்யம். முதல் வாரம் வெட்கமாக இருந்தது. மூன்றாம் வாரம், காற்றில் தார்ப்பாயின் ஒரு மூலை விலகி மீட்டர் கொஞ்சம் அசைந்தபோது அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தானே இழுத்துக் கட்டி, நான்கு செங்கல்லும் வைத்துவிட்டு இறங்கினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கறாரானவர் என்று பெயர். கோட்பாடும் அளவீடும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்திய ஆய்வேட்டைத் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று சபையில் அறிவித்தார். பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. கைதட்டல் ஓய்ந்ததும், "உங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்" என்று அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

மனசாட்சியுள்ள மனுஷர், ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்றும் முடிவு செய்துகொண்டாள்.

அவர் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க பல்கலைக்கழகத்துலயும் இது அடிப்படை ஆண்டுதான். இந்தத் தார்ப்பாயை எங்க வாங்கினீங்கம்மா?"

புதிய டாக்டர் பேனாவை எடுத்தாள். கடை விலாசத்தைத் தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

"ஒரு சைஸ் பெரிசாவே வாங்கிடுங்க சார். இல்லன்னா ஓரத்துல வெயில் பூந்துடும்."