ஃபுல் காட்டிய முள்

எங்கள் கல்யாண ஆல்பத்தை யாராவது கையில் எடுத்தால் நான் மெல்ல எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். தேநீர் போடப் போகிறேன் என்று வந்தவர்கள் நினைப்பார்கள். உண்மையில் ஒளியப் போகிறேன். முதல் படத்திலேயே நான் பட்டுச்சேலையில், முகமெல்லாம் வியர்வையோடு, ஒரு பழைய காரிலிருந்து இறங்குகிறேன். பக்கத்தில் அப்பா. அவருக்குப் பக்கத்தில் பாக்கியம் அத்தை. அத்தைக்குப் பக்கத்தில், புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிய ஒரு சிங்கள அண்ணன். எல்லோருக்கும் பின்னால் நீலப் புகை. (ஓமப் புகை என்று சொல்லிக் கொஞ்ச நாள் சமாளித்தேன். ஓமம் கோயிலுக்கு வெளியே வளர்ப்பார்களா என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.)

இத்தனைக்கும் ஒரே காரணம், நான் கெட்டிக்காரி என்று நானே நம்பியதுதான்.

அப்பா மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். ஆபீஸ் கடிகாரம் நின்றுபோனால், அவர் வாசலுக்கு வரும் நேரத்தைப் பார்த்துச் சரி செய்வார்கள். அப்படிப்பட்ட மனிதர். ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடமிருந்து அவர் வாங்கிய கார்தான் அது. அறுபது வயதைத் தாண்டிய இங்கிலாந்துக் கார், கரும்பச்சை, நடுவில் ஸ்ரீ எழுத்துப் போட்ட அந்தக் காலத்து நம்பர் பிளேட். அதில் எல்லாம் வேலை செய்யும், பெற்றோல் முள்ளைத் தவிர. டாங்க் நிறைய அடித்தாலும் முள் அடியிலேயே படுத்துக் கிடக்கும். நான் பிறந்த நாளிலிருந்து அது எழும்பி நான் பார்த்ததில்லை.

அப்பா அதற்காகக் கவலைப்படவும் இல்லை. கொய்யாக் கிளையைச் சீவி, லீற்றருக்கு ஒரு வெட்டு வீதம் போட்டு, ஒரு குச்சி வைத்திருந்தார். புறப்படுமுன் டாங்க் மூடியைத் திறந்து குச்சியை விடுவார். எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். "ஒம்போது" என்பார். அவர் ஒன்பது என்றால் ஒன்பதுதான்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ரவிக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடை. அவருடைய தாய்மாமன் கொஞ்சம் வாய்க்காரர். அப்பா குச்சி விடுவதைப் பார்த்துவிட்டு, "என்னா, கிளாக்கரையா காருக்குக் காய்ச்சல் பாக்குறாரு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்குள் அந்த முள்ளை எழுப்பிக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன்.

எனக்கென்ன குறை? நான் விஞ்ஞான ஆசிரியை. வருடா வருடம் பத்தாம் வகுப்புக்கு மின்சுற்று படிப்பிக்கிறவள். போனில் நாலு வீடியோ பார்த்தேன். டாங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெற்றோல் ஏற ஏற அது மேலே வந்து முள்ளுக்குச் செய்தி சொல்லும். எங்கள் காரின் மிதவையில் பொட்டு அளவு ஓட்டை. உள்ளே பெற்றோல் புகுந்து, பல வருடமாக அடியில் மூழ்கிக் கிடந்திருக்கிறது. ஓட்டையை அடைத்தேன். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மிதவையைத் தாங்குகிற தகடு துருப்பிடித்திருந்தது. துருவைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. தகட்டுக்கு இரண்டு பக்கமும், திருகாணிகளுக்கும், திருகாணி போகிற ஓட்டைகளுக்கும்கூடத் துருத்தடுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன். கீழே புது றப்பர் வைத்து, சுற்றிவரப் பசையும் பூசினேன். எல்லாம் ரவி கடையிலிருந்து ஆசையாகக் கொடுத்தனுப்பிய சாமான்கள். பெயின்டைக் கலக்கப் பக்கத்தில் கிடந்த ஒரு குச்சியை எடுத்தேன். அது கொய்யாக் குச்சி என்பது, வெட்டுகள் எல்லாம் கறுப்புப் பெயின்டில் மூடின பிறகுதான் தெரிந்தது.

போனால் போகட்டும், இனிமேல் குச்சி எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா போய் டாங்கை நிரப்பிக்கொண்டு வந்தார். சாவியைத் திருப்பினேன். முள் ஒரு தடவை நடுங்கி, எழும்பி, நேராக ஃபுல்லில் போய் நின்றது. அப்பா குனிந்து முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழும்பிருச்சு மகள்," என்றார். அன்று மாலை தொழிலாளர் லயத்திலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்து முள்ளைக் காட்டினார்.

அதன் பிறகு கார் கல்யாணக் கார்டோடு கலகெதர வரை போய்வந்தது. பன்வில, வத்தேகம என்று தினமும் அலைந்தது. முள் மட்டும் அசையவில்லை.

"ஏம்மா, இது கொறையவே மாட்டேங்குதே?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"மேல் பாதி மெதுவாத்தாம்பா எறங்கும். கீழ்ப் பாதி வெரசா எறங்கும்," என்றேன். (எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். எங்கேயும் படிக்கவில்லை.)

கல்யாண நாள். கட்டுகஸ்தோட்டைக் கோயிலில் முகூர்த்தம், ஒன்பது பத்திலிருந்து பத்து இருபது வரை. அதை விட்டால் ராகுகாலம், அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்க நாளே இல்லை. அம்மாவும் சொந்தக்காரர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். நான், அப்பா, அப்பாவின் அக்கா பாக்கியம் அத்தை, மூவரும் காரில். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்பா பழக்கதோஷத்தில் அங்கும் இங்கும் தேடினார்.

"மகள், குச்சி எங்க?"

"என்னாப்பா, முள்ளு ஃபுல் காட்டுது. இன்னைக்குமா குச்சி?"

அவர் முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ சொன்னா சரிம்மா," என்று ஏறிக்கொண்டார்.

இரண்டு மைல் போவதற்குள் கார் இருமி, உதறி, நின்றது. பெற்றோலாக இருக்கவே முடியாது, முள்தான் சொல்கிறதே! நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பொனற்றைத் திறந்து, பிளக்கைத் தொட்டேன், வயரைத் தட்டினேன், பத்து நிமிடத்தை வீணாக்கினேன். அப்பா ரோட்டோரத்தில் ஒரு குச்சியை ஒடித்து டாங்குக்குள் விட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நுனிகூட நனையவில்லை.

வீட்டில் ஒரு கேன் நிறைய பெற்றோல் இருந்தது. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்துக்குப் பிறகு அப்பா கேன் இல்லாமல் இருந்ததில்லை. "ஓடிப்போய் எடுத்துட்டு வந்துறேன்," என்றார்.

அத்தை கதவைத் திறந்து குறுக்கே நின்றார். "என்னா பேசுற நீ? பொண்ணு வாசப்படி தாண்டியாச்சு. கூட வந்த ஆளு ஒருத்தரும் திரும்பக் கூடாது. அதுலயும் நீ பொண்ணோட தகப்பன்!"

"அக்கா, முகூர்த்தம் போயிரும்."

"போகட்டும். சகுனத்தை விட்டுட்டுக் கல்யாணமா?"

அப்பா வேனுக்குப் போன் பண்ணினார். அது கட்டுகஸ்தோட்டையில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. திரும்பி வர ஒரு மணிநேரமாவது ஆகும். வந்த ஆட்டோ இரண்டிலும் நிறைய ஆட்கள். திரும்பக் கூடாது, நிற்கவும் முடியாது. மிச்சம் இருந்தது இறக்கம் ஒன்றுதான். அப்பா பிரேக்கை விட்டார். கார் தானாக உருளத் தொடங்கியது.

எஞ்சின் சத்தமில்லாமல் மலை இறங்குவது எப்படி என்று கேட்டால், பயத்தில் எனக்குப் பாதி நினைவில்லை. அப்பா ஒவ்வொரு வளைவிலும் ஹோனை அமுக்கினார். அத்தை முருகனைக் கூப்பிட்டபடியே, "சத்தமே இல்லாம நல்லாத்தான் போகுது, எப்பவும் இப்படியே ஓட்டு," என்றார். மூன்றாவது வளைவில்தான் எனக்கு உறைத்தது. முள்ளிலிருந்து மிதவைக்கு வரும் மின்சாரம் தகடு வழியாகக் காரின் இரும்புக்குப் போய்த்தான் சுற்று முடிய வேண்டும். தகடு, திருகாணி, ஓட்டை, ஒன்று விடாமல் பெயின்ட் அடித்தவள் நான். மின்சாரம் போக வழியில்லை என்றால் இந்தப் பழைய முள் ஃபுல்லில் போய் நின்றுவிடும். 'சுற்று முழுமையடைய வேண்டும் பிள்ளைகளே' என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவளும் நானேதான்.

ஒரு சின்னப் பாலத்தில் இறக்கம் முடிந்தது. அதற்கப்பால் ஏற்றம். கார் நின்றது. மணி எட்டே முக்கால். நான் அழத் தொடங்கினேன்.

பாலத்தோரம் ஒருவர் மெஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "நங்கி, பெற்றல் இவரத?" என்று கேட்டார். பெற்றோல் முடிந்துவிட்டதா தங்கச்சி என்று அர்த்தம். நான் வாய் திறக்குமுன் அத்தை, தனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லில் "ஓவ், ஓவ்!" என்று தலையாட்டினார். புல் வெட்டியவர் பெயர் சுமனே. மெஷினுக்காக இரண்டு போத்தல் பெற்றோல் வைத்திருந்தார்.

"இதுல ஒயில் கலந்து இருக்கு," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். "பொக வரும். கார் போகும்."

ஒரு போத்தலை ஊற்றினோம். கார் எழும்பியது. மற்றதை வழியில் ஊற்ற வேண்டிவரும் என்று சுமனே அண்ணனும் ஏறிக்கொண்டார். மெஷின் அரசாங்கச் சாமான், ரோட்டில் விட்டுவர முடியாது. ஆகவே மெஷினும் ஏறியது, என் மடிக்குக் குறுக்கே.

ஒன்பது ஐம்பதுக்குக் கோயில் வாசலில் நின்றோம். புகையைக் கண்டு நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். படப்பிடிப்பாளர் மட்டும் நிறுத்தவில்லை. ரவியின் தாய்மாமன் முதல் ஆளாக வந்தார். "என்னா கிளாக்கரையா, நீங்களே நேரம் பிந்திட்டீங்க?"

"பெற்றோல் பாக்க மறந்துட்டேங்க," என்றார் அப்பா. "என் பெசகுதான்."

வாழ்நாளில் ஒன்றையும் மறக்காத மனிதர், கைகட்டி நின்று சொன்னார். எனக்கு அப்போதே கத்த வேண்டும்போல் இருந்தது. அத்தை என்னைப் பிடித்து மணவறைக்குத் தள்ளிவிட்டார். பத்து ஐந்துக்குத் தாலி ஏறியது. அந்த முடிச்சு விழுந்ததும் என் உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல இருந்தது. அப்படியொரு நிம்மதி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனாலும் அரை மூட்டை மிச்சமிருந்தது. பந்தியில் தாய்மாமன் பக்கத்தில் வந்ததும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

"அப்பா மறக்கலீங்க. அவரு குச்சி கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். முள்ளத் திருத்தினது நான், பெயின்ட் அடிச்சுக் கெடுத்ததும் நான்."

பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரவி மட்டும் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "எங்க கடப் பெயின்டா?"

"ஆமாங்க."

"எத்தன கோட்?"

"ரெண்டு."

"அப்ப மாமா," என்று ரவி தாய்மாமன் பக்கம் திரும்பினார், "இந்தக் குத்தத்துல நானும் கூட்டு. ஒரு கோட் போதும்னு நான் சொல்லியிருக்கணும்." முதலில் சிரித்தது தாய்மாமன்தான். மூன்றாவது முறை சோறு வாங்கிக்கொண்டிருந்த சுமனே அண்ணன், விஷயம் புரியாமலே கூடச் சிரித்தார். அப்பாவைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுவீட்டுக்குப் போனபோது அப்பா ஒரு சவர பிளேடைக் கையில் தந்தார். ஒரு திருகாணிக்கு அடியில் பெயின்டைச் சுரண்டினேன். முள் சட்டென்று விழுந்து கால் டாங்குக்கு வந்தது. அன்றுதான் அது முதல் தடவையாக உண்மை பேசியது. அன்றே ரவியும் ஒரு பொதி கொண்டுவந்திருந்தார். உள்ளே புதுக் கொய்யாக் குச்சி, லீற்றருக்கு ஒரு வெட்டு, தலையில் சந்தனமும் குங்குமமும். முள் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. அப்பா முள்ளையும் பார்ப்பார், குச்சியும் விடுவார்.

போன பொங்கலுக்கு அம்மா இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். "போதும்மா, எனக்கு ஃபுல்," என்று இலையை மறைத்தேன். ரவி அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து, கார் கொட்டகைப் பக்கம் நடந்தார். குச்சியை எடுக்க.