சத்தமில்லாமல் சுவிஸ்காரர் ஆகப் பார்த்தவர்

சுவிஸ் நாட்டில் எத்தனை மலைகள் இருந்தாலும், உஷ் அண்ணையின் பயத்தளவு உயரமான மலை ஒன்றுகூடக் கிடையாது. மலையிலாவது கோடையில் கொஞ்சம் பனி உருகும். அண்ணையின் பயம் வருடம் முழுக்க உறைந்தே கிடந்தது.

சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான டீட்டிகோனில் எங்கள் மாடிக் கட்டடத்தில் அவர் வீட்டுக் கதவு எங்கள் கதவுக்கு நேர் எதிரே. தனி ஆள். சூரிச்சில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை. முகத்துக்கு நேரே எனக்கு மாமா. மற்ற நேரங்களில் எல்லோருக்கும் உஷ் அண்ணை. படிக்கட்டில் யார் தமிழில் வாயைத் திறந்தாலும் உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்பார். அதற்குப் பிறகுதான் சிரிப்பு, சுகநல விசாரிப்பு எல்லாம். ஒருமுறை அப்பா தும்மியதற்கும் "உஷ்" விழுந்தது. அப்பா தமிழில் தும்மிவிட்டார் என்று நினைத்தாரோ என்னவோ.

காரணம் ஒன்றே ஒன்றுதான். அண்ணைக்குச் சிவப்புக் கடவுச்சீட்டு வேண்டும். இந்த நாட்டில் குடியுரிமை என்பது சும்மா முத்திரை குத்திக் கொடுக்கிற விஷயமல்ல. ஊரில் ஒரு குழு இருக்கும். கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். அதற்கு முன்னால் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார்கள் என்று கோயில் திருவிழாவில் யாரோ அண்ணையின் காதில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். கட்டடத்தில் இருந்த வெள்ளைக்காரர் எல்லோரும் அன்றே பரீட்சை அதிகாரிகளாகிவிட்டார்கள். நாய் வளர்ப்பவர் என்றால் நாயும் அதிகாரி.

"என்னைப் பாத்துக் குரைச்சது, பிள்ளை. இனி என்னெண்டு சொல்லுமோ தெரியாது."

"நாயிட்டை ஆர் மாமா விசாரிப்பினம்?"

"உஷ்! இவங்கள் விசாரிப்பாங்கள். நாய்க்கும் காப்புறுதி எடுக்கிற சனம்."

வீட்டுக்குள் அவர் நடந்ததே கிடையாது, மிதந்தார். தடித்த கம்பளிக் காலுறை, கதிரைக் கால்களுக்கெல்லாம் துணிச் சப்பாத்து. வெற்றுப் போத்தல்களைத் துவாயில் சுற்றி எடுத்துப்போய், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல ஒவ்வொன்றாகத் தெருமுனைப் போத்தல் தொட்டிக்குள் இறக்குவார். குக்கர் விசிலடிக்கும் என்று குக்கரையே தமக்கைக்குக் கொடுத்துவிட்டார்.

சத்தத்தை அடக்கியாயிற்று. வாசத்தை என்ன செய்வது? யாழ்ப்பாணத்து மனிதருக்குக் கறித்தூள் வறுக்காமல் சீவிக்க முடியுமா? அண்ணை அதற்கும் வழி கண்டுபிடித்தார். காட்டில் சுவிஸ் சனம் சொசேஜ் சுட்டுத் தின்பதற்காகக் கல் அடுக்கி வைத்திருக்கிற அடுப்புகளில் ஒன்றுக்குத் தாச்சியோடும் செத்தல் மிளகாயோடும் போய்ச் சேர்ந்தார். நல்ல ஞாயிற்றுக்கிழமை. நல்ல காற்று. கைத்தடிகளோடு மலையேற வந்த முதியவர் கூட்டம் ஒன்று ஒரே வரிசையில் இருமிக்கொண்டு கீழே இறங்கி ஓடியது. கொஞ்ச நேரத்தில் வன அதிகாரி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிய வந்து நின்றார்.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"சொசேஜ்" என்றார் அண்ணை.

அதிகாரி தாச்சிக்குள் எட்டிப் பார்த்தார். கருஞ்சிவப்பாக மிளகாய் மட்டும் கிடந்தது. அவருக்கு ஏதோ விசாரிக்க வேண்டும்போல்தான் இருந்திருக்கும்; ஆனால் வாயைத் திறந்தால் இருமல் வந்தது. கடைசியில் "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று கையைக் காட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். அண்ணை மட்டும், தன் பெயர் தலைநகர் பெர்ன் வரைக்கும் போய்விட்டது என்று நம்பி, பல நாட்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரிந்தார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சூரிச்சில் பிறந்தவள். இந்த ஊர் ஜெர்மனில்தான் கனவு காண்கிறேன், கோபப்படுகிறேன். ஆனாலும் எங்கே போனாலும் அந்தக் கேள்வி வரும்: "எங்கிருந்து வருகிறீர்கள்?" டீட்டிகோன் என்பேன். "இல்லை, உண்மையாக?" என்பார்கள். என் வகுப்பில் படிக்கிற ஒருத்தியின் தாத்தா இத்தாலியிலிருந்து வந்தவர். அவள் இப்போது சுவிஸ்காரி, அவ்வளவுதான், முன்னும் இல்லை பின்னும் இல்லை. எனக்கு மட்டும் எப்போதும் ஒரு முன்னொட்டு: தமிழ்ச் சுவிஸ், இரண்டாம் தலைமுறை, வெளிநாட்டுப் பின்னணி. நான் என்ன ஜாம் போத்தலா, லேபிள் ஒட்டி வைக்க?

இதையெல்லாம் ஒருநாள் அண்ணைக்கு மூச்சுவிடாமல் பிரசங்கம் செய்தேன். நேர்முகத்துக்கு அவரைத் தயார்படுத்துகிற பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கேள்வியைக் கேட்டா உனக்குக் கோவமோ வரும்?" என்றார்.

"ஓம். உங்களுக்கு?"

"எனக்கு ஓடவேணும்போலை வரும்."

கொழும்பில் ஒரு சோதனைச் சாவடியில் அவரிடமும் கேட்டிருக்கிறார்கள், எந்த ஊர் என்று. உண்மையைச் சொன்னார். சொன்னதற்காக உள்ளே போட்டார்கள். "அதாலைதான் பிள்ளை, ஆரும் மறிச்சுக் கேட்டா, வாய் திறக்காமல் எடுத்துக் காட்ட ஒண்டு வேணும்" என்றார் அவர். அதற்குப் பிறகு அவரை நினைத்துச் சிரிக்கத் தொடங்கினாலும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

நேர்முக நாள் வந்தது. நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து வந்தவரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மலையள் கேட்டினமோ?"

"எல்லாம் சொன்னன்."

"மாநிலங்கள்?"

"அதுவும் சரி. பிறகு அந்தத் தலைவர் மனிசன் சொல்லுது, அயலட்டையிலை விசாரிச்சவையாம். கீழ்வீட்டு மனிசி பிராவ் ஹூபர் என்னைத் தெரியவே தெரியாது எண்டு சொல்லிப்போட்டாவாம். மேல்வீடு வெறும் வீடெண்டாவாம். நீர் உண்மையா அங்கதான் இருக்கிறீரோ எண்டு என்னைக் கேக்கிறாங்கள், பிள்ளை!"

முடிவை வசந்தகாலத்துக்குத் தள்ளிப் போட்டுவிட்டார்களாம். அதற்கிடையில் அயலவரோடு பழகச் சொன்னார்களாம். மனிதர் இத்தனை காலமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்ததற்குக் கிடைத்த புள்ளி: அப்படி ஒருவர் இல்லை.

அன்று இரவெல்லாம் யோசித்தேன். காலையில் போய்ச் சொன்னேன். "மாமா, நீங்கள் ஆரைப் பற்றியாவது முறைப்பாடு செய்யவேணும். இஞ்சத்தை ஆக்கள் பழகத் தொடங்கிறதே அப்பிடித்தான். பிராவ் ஹூபர் உங்களுக்கு ஏதும் இடைஞ்சல் செய்யிறவவோ?"

அண்ணை தயங்கினார். நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை யந்திரம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு நாள். அது இந்த நாட்டில் அரசியல் சட்டத்துக்கு ஒரு படி மேல். அண்ணையின் நாளில் பிராவ் ஹூபரின் உடுப்புகள் யந்திரத்துக்குள்ளேயே கிடக்குமாம். அண்ணை சத்தம்போடாமல் மேலே வந்து குளியல் தொட்டியில் கையால் தோய்ப்பாராம்.

"மாமா! இதைவிட உங்களுக்கு வேறை என்ன வேணும்?"

அவரை இழுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். மணியை அழுத்தப் போன விரல் மூன்று தரம் பின்வாங்கியது. நான்தான் அழுத்தினேன். உள்ளே சங்கிலி கழன்றது. நெடிய உருவம், வெள்ளைத் தலைமுடி, மூக்கு நுனியில் கண்ணாடி.

அண்ணை பாடமாக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினார். "இன்று என்னுடைய தோய்க்கிற நாள்!"

பிராவ் ஹூபர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் யார்? எங்கிருந்து வருகிறீர்கள்?"

சாவடிக்கு முன்னால் நிற்கிற மனிதரை நான் அன்றுதான் கண்டேன். கை தானாகவே சட்டைப்பையைத் தடவியது, அடையாள அட்டை தேடுவதுபோல. கடைசியில் அவர் ஒரு விரலை உயர்த்தி முகட்டைக் காட்டினார்.

"மேல்வீடு."

"மேலே ஆள் இருக்கிறாரா!" அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "வெளிச்சம் எரிகிறது, தண்ணீர் ஓடுகிறது, காலடிச் சத்தமே கேட்பதில்லை. நான் எத்தனை நாள் போர்வைக்குள் பயந்து கிடந்தேன் தெரியுமா? பேய் என்று போய்ச் சொன்னால் என்னைத்தான் முதியோர் விடுதியில் சேர்ப்பார்கள் என்று வீடு காலி என்றேன்!"

ஒரு சுவிஸ் மனிசி தனக்குப் பயந்திருக்கிறார்! அண்ணையின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. "யந்திரத்தின் வடிகட்டியையும் நீங்கள் துப்புரவாக்குவதில்லை" என்றார். பிராவ் ஹூபர் விடுவாரா? பதிலுக்கு அவர் போட்ட சத்தத்தில் படிக்கட்டு அதிர்ந்தது. மேலே ஏறும்போது அண்ணைக்கு வேர்த்துக் கொட்டியது.

"பிள்ளை, அவ என்னை ஏசிப்போட்டா!" பரிசு வாங்கியவர் மாதிரிச் சொன்னார்.

வசந்தகாலத்தில் குழு மறுபடி விசாரித்தது. பிராவ் ஹூபர் என்ன சொன்னார் என்பதைப் படிக்கட்டில் மறித்து எனக்கு அவரே சொன்னார்: "லேசான ஆள் இல்லை அவர். எப்போது பார்த்தாலும் அந்த வடிகட்டியைப் பற்றியே முறைப்பாடு. சுவிஸ்காரர் வேறு எப்படி இருப்பார்?"

கடவுச்சீட்டுக் கையில் கிடைத்த அன்று அண்ணையும் நானும் சூரிச்சில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாங்ஸ்ட்ராஸவுக்குப் போய் மரக்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு டிராமில் திரும்பினோம். எதிரே இருந்த கனவான் ஒருவர் என்னோடு காலநிலை பேசினார். என் ஜெர்மனைப் புகழ்ந்தார். பிறகு, "எங்கிருந்து வருகிறீர்கள்?"

"டீட்டிகோன்."

"இல்லையில்லை, உண்மையாக?"

அன்று எனக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினேன். பக்கத்தில் ஏதோ அசைந்தது. அண்ணை எழுந்து நின்றிருந்தார். பையில் கடவுச்சீட்டு இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"இவள் இங்கே பிறந்தவள். இந்த ஊர்ப் பிள்ளை!" டிராம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "அந்தக் கேள்வியை என்னைக் கேளுங்கள். நான் யாழ்ப்பாணம். தமிழன்."

கனவான் திகைத்துப்போய், அங்கே நல்ல வெயிலாக இருக்குமே என்றார். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அண்ணை உட்கார்ந்தார். மீன் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

நான் அதில் ஒரு கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். டீட்டிகோன் வரும்வரை விடவில்லை.