சோப்புப் போட்டதும் சிவந்த கை

புற்றுநோய்க்குப் புதுப்புது மருந்துகளைச் செய்து பார்க்கிறவர்கள் எல்லாம் நெஞ்சுரம் மிக்கவர்கள் என்று வெளியே ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதைக் கெடுப்பதற்கென்றே நான் பிறந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. நானும் என் சகா ஹமீதும் சேர்ந்து உருவாக்கிய ஒரு மஞ்சள் பொடி அப்போது எங்கள் செல்லப்பிள்ளை. தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை ஒரே மூச்சில் தீர்த்துக்கட்டியது. (பக்கத்துத் தட்டில் இருந்த நல்ல செல்களையும் சேர்த்துத்தான். அந்த விஷயத்தில் அதற்குப் பாரபட்சமே கிடையாது.)

ஒருநாள் காலை அந்தப் பொடியை நிறுத்து முடித்துக் கையுறையைக் கழற்றினேன். உள்ளங்கையெல்லாம் மஞ்சள்.

ஓடிப்போய் சோப்புப் போட்டேன். மஞ்சள் ரத்தச் சிவப்பானது. சோப்பில் இருக்கிற காரம் பட்டால் எங்கள் பொடியும் அப்படித்தான் சிவக்கும். ஆக, சந்தேகத்துக்கே இடமில்லை.

“ஹமீது, போச்சுடா! கையுறை வழியா உள்ள போயிடுச்சு!”

“பதறாதீங்க லா அண்ணே. நல்லாக் கழுவுங்க மொதல்ல.”

அவன் கையுறையை ஊதி, தண்ணீரில் அமுக்கிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

“ஓட்டையே இல்லண்ணே.”

“அப்ப ஓட்டை இல்லாமலே போயிருக்கு. அவ்வளவு வீரியம்!” (சாகப்போகிற நேரத்திலும் சொந்தச் சரக்கின் மேல் ஒரு பெருமை.)

நாக்கு மரத்த மாதிரி இருந்தது. தலையைத் தடவினால் கையோடு முடி வந்தது. (தினமும் வருவதுதான்.) மனைவி மலருக்குப் போன் போட்டேன்.

“மலர், நான் இல்லன்னா மனச விட்டுடாத. வேற கல்யாணம்கூடப் பண்ணிக்க.”

“ஒண்ணு பண்ணிப் பட்டதே போதும். என்ன ஆச்சு, அதச் சொல்லுங்க.”

சொன்னேன். அழப்போகிறாள் என்று ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டேன்.

“ஏங்க, காலையில பொங்கப் பானைக்கு மஞ்சக்கொத்து கட்டுனது யாரு? நீளமா இருக்குன்னு கிழங்க ஒடிச்சீங்கல்ல? டிரெயின் போயிடும்னு கைய சும்மா நனைச்சுட்டுத்தானே ஓடுனீங்க?”

சிங்கப்பூரில் பொங்கலுக்கு விடுமுறை கிடையாது. மார்சிலிங் வீட்டில் பால் பொங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தவன், பண்டிகையையே மறந்திருந்தேன். எங்கள் பொடியே மஞ்சளில் இருக்கும் நிறப்பொருளைப் பார்த்து, அங்கே ஒன்றைக் கழற்றி இங்கே ஒன்றை மாட்டிக் கட்டியதுதான். நகலைப் போலவே அசலும் சோப்பில் சிவக்கும். இதை மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்கியதும் நானேதான்!

சொன்னதும் ஹமீது தரையில் உட்கார்ந்து சிரித்தான். எனக்கோ நாக்கு உடனே சரியாகிவிட்டது. கூடவே பயங்கரப் பசி. கீழே போய் தே தாரிக் டீயும் பரோட்டாவுமாக என் மறுபிறவியைக் கொண்டாடினேன். அவ்வளவு இனிப்பான தேநீரை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

அந்தப் பொடியை அப்புறம் கைவிட்டுவிட்டோம். வீட்டில் மட்டும் விஷயம் கைவிடப்படவில்லை. ஒவ்வொரு பொங்கலன்றும் பானை இறங்கியதும் என் மகள் என் உள்ளங்கைகளைப் படம் எடுத்து ஹமீதுக்கு அனுப்புகிறாள். அவனும் தவறாமல் பதில் போடுகிறான்: “உயிருக்கு ஆபத்தில்லை. சர்க்கரைப் பொங்கலை மட்டும் மேல்பரிசோதனைக்கு உடனே அனுப்பவும்.”