நிர்வாகக் குழுவில் நான்கு பேர்

எங்கள் தெருக்காரர்களை எட்டு மாதமாக வாட்ஸப்பில் நான் திட்டிய திட்டு ஒன்றுகூட அவர்களில் ஒருத்தருக்கும் போய்ச் சேரவில்லை.

நடந்த நஷ்டம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

என் பெயர் சத்தியராஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் பிரஸ் ஷாப் ஃபோர்மேன். தகடு அடிக்கிற மெஷின் பன்னிரண்டு ஓடும். அந்தச் சத்தத்தில் 'தயவுசெய்து' என்று ஆரம்பித்தால் முடிப்பதற்குள் எவன் விரலாவது போய்விடும். அதனால் தயவு எனக்குப் பழக்கமில்லை. ரிட்டயராகி எட்டு வருஷம். மெஷின் நின்றுவிட்டது. குரல் நிற்கவில்லை.

தெருவில் அறுபத்திரண்டு வீடு. எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு. அட்மின், முனைவீட்டுத் தமிழரசு. காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம் வரும். பிறகு தண்ணி லாரி எப்போது, கரண்ட் எப்போது, காணாமல் போன செருப்பு ஒன்று. எதிர்வீட்டு ஜெயராமன் மட்டும் தினம் ஒரு வைத்தியம் போடுவார். வெண்டைக்காயை ஊறவைத்துக் குடித்தால் சர்க்கரை போகும். வெங்காயத்தைச் சாக்ஸுக்குள் வைத்துத் தூங்கினால் காய்ச்சல் போகும். பொறுத்துக்கொண்டேன். நவம்பரில் ஒருநாள் அவர் தன் காரை என் கேட்டை மறித்து நிறுத்தினார். வீட்டுக்கு வரும் விருந்தாளி காருக்கு இடம் விட்டாராம். பொறுக்கவில்லை.

டைப் அடிக்க எனக்குப் பொறுமை கிடையாது. மைக்கை அழுத்திக் குழுவில் பேசினேன். ஒரு நிமிஷம் நாற்பது நொடி. கார், வெண்டைக்காய், வெங்காயம், அவர் மண்டைக்குள் இருப்பது, இல்லாதது எல்லாம் சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்பது இங்கே இல்லை. காரணம் கடைசியில்.

அறுபத்திரண்டு வீட்டிலும் கேட்டார்கள். இட்லிக்கடை வேம்புலியம்மாள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். வாங்க வந்தவர்கள் முழுசாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இன்னும் இரண்டு இட்லி சொன்னார்களாம். ஜெயராமன் வீட்டு விருந்தாளிகள் யாரென்றால், அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள். மாப்பிள்ளையின் அப்பா கையில் கேசரித் தட்டு. அந்த நேரம் பார்த்து ஜெயராமன் போனைத் திறந்தார். போன் என் வாயைத் திறந்தது.

பத்தாவது நிமிஷம் தமிழரசு என்னைக் குழுவிலிருந்து தூக்கினார். இருபதாவது நிமிஷம், ஜெயராமன் போலீஸ் ஸ்டேஷன் போகச் சட்டை மாட்டுகிறார் என்று சேதி வந்தது.

என் மனைவி ஞானகுமாரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பேசி வெச்சீங்க?"

"உண்மையை."

"எம்மாம் நேரம்?"

"ஒன்னு நாப்பது."

"ரோட்ல நின்னு கத்தியிருந்தா காத்தோட போயிருக்கும். இது அவுரு போன்ல கீது. ஸ்டேசன்ல போட்டுக் காட்டினா நான் பேசலன்னு சொல்ல முடியுமா? உங்க கொரலு ஆவடி வரிக்கும் தெரியுமே!"

"வரட்டும் போலீஸு."

"வருவாங்க. அறுபத்தாறு வயசுல மாத்திர டப்பாவ எடுத்துகினு ஸ்டேசன் பெஞ்சுல போயி குந்துங்க. நான் ஞாயித்துக்கெழம கோயில்ல இன்னா மூஞ்சிய வெச்சிகினு பாட்டு பாடறது?"

கை கழுவினாள். எதிர்வீட்டுக்குப் போனாள். இரண்டு மணி நேரம். அதற்குள் மீனில் பாதியைப் பூனை முடித்துவிட்டது. காவல் இருந்தது நான்தான்.

திரும்பி வந்தாள்.

"கேஸு இல்ல."

"பயந்துட்டானா?"

"ம். பயந்துட்டாரு." மீன் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இன்னொண்ணு. அந்தப் பெரிய குழு சின்னப் பசங்களுக்காம். உங்கள மாதிரி அனுபவஸ்தருக்கு நிர்வாகக் குழுன்னு தனியா ஒண்ணு போடறாங்களாம். நாலே பேரு. போனக் குடுங்க, ரியா சேத்து வுடுவா."

ரியா எங்கள் மகள். பூந்தமல்லியில் ஒரு ஆபீசில் வேலை. லீவுக்கு வந்திருந்தாள். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அரைமணி கழித்துக் கொண்டுவந்தாள். நிர்வாகக் குழு தயாராக இருந்தது. நான், அட்மின் தமிழரசு, எதிர்வீட்டு ஜெயராமன், பொருளாளர் செல்வகுமார். அறுபத்திரண்டு பேரில் நான்கு பேர். இதற்குப் பெயர் பதவி உயர்வு. கம்பெனியில்கூட இவ்வளவு சீக்கிரம் கொடுத்ததில்லை.

அடுத்த எட்டு மாதம் நல்ல காலம். காலையில் காபி. பிறகு திட்டு. குப்பை வண்டி வராததற்குத் தமிழரசுவை. காருக்கு ஜெயராமனை. காரணம் கிடைக்காத நாளில் செல்வகுமாரை. பதில் உடனே வரும்.

'தவறுதான் ஐயா. திருத்திக்கொள்கிறேன்.' இது ஜெயராமன்.

அப்போதெல்லாம் சமையலறையில் டிங் என்று ஒரு சத்தம் கேட்கும். பன்னிரண்டு மெஷினைக் கேட்ட காதுக்கு டிங் ஒரு பொருட்டா?

திட்டுக்குப் பலனும் இருந்தது. கார் கேட்டை விட்டு நகர்ந்தது. குப்பை வண்டி ஏழு மணிக்கு டாணென்று வந்தது. தெருவில் பார்த்தால் ஜெயராமன் சிரிப்பார். "வணக்கம் சார், நேத்து நீங்க சொன்னது ரொம்ப சரி" என்பார். நான் "ம்" என்பேன். வெளியே யாரிடமும் அதற்கு மேல் நான் பேசுவதில்லை. கேசரி சாப்பிட்ட இடமே அவர் மகளுக்கு முடிந்தது. முதல் பத்திரிகையை எங்கள் வீட்டில் வைத்தார்.

"பாத்தியா ஞானம்? நாலு போடு போட்டாத்தான் ஒழுங்கா இருப்பான்."

"ஆமாங்க. எல்லாம் உங்க வாயிதான்."

மே மாதம் வேளாங்கண்ணி போனோம். ரயில் ஏறியதும் நிர்வாகக் குழுவில் சொன்னேன். நான்கு நாள் வீட்டில் ஆளில்லை. சாவி மீட்டர் பெட்டிக்குள். மாடிச் செடிக்கு யாராவது தண்ணி ஊற்றவும். இப்படியெல்லாம் போனில் சொல்லக்கூடாது என்று பேப்பரில் வாரம் தவறாமல் எழுதுகிறார்கள். அது பயப்படுகிறவனுக்கு. என்னைப் பார்த்து மற்றவர்கள் அல்லவா பயந்துகொண்டிருக்கிறார்கள்.

'சாவி சரி ஐயா. பீரோ சாவி எங்கே?' என்று கேட்டார் ஜெயராமன்.

'அரிசி டப்பாவில்' என்றேன். மரியாதையாகக் கேட்டால் சொல்ல வேண்டியதுதானே.

ஞானகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன். தண்ணி பாட்டிலை நீட்டினேன்.

அதே வாரம் எங்கள் தெரு மேக்ஸ்வெல் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தார். படகில் உட்கார்ந்து படம் எடுத்துப் பெரிய குழுவில் போட்டாராம். திரும்பி வந்து பார்த்தால் பூட்டு இல்லை, சிலிண்டர் இல்லை, மாமியார் கொடுத்த பித்தளை அண்டா இல்லை. என் வீட்டில்? செடிக்குத் தண்ணி ஊற்றியிருந்தது. தரை துடைத்திருந்தது. ஃபிரிட்ஜில் வஞ்சிரக் குழம்பு.

"இன்னாடி இது? ஜெயராமன் ஊட்டத் தொடைச்சு, கொழம்பு வேற வெச்சிட்டுப் போயிருக்கான்! மீன் வாசனைக்கே ஜன்னல சாத்துற ஆளாச்சே?"

"பயம் வந்தா இன்னா வேணா செய்வாங்க," என்றாள்.

நம்பினேன். குழம்பு நன்றாக இருந்தது.

ஜூலையில் ஒரு ஞாயிறு. ஞானகுமாரி கோயிலுக்குப் போயிருந்தாள். ஜெயராமன் கேட்டில் நின்றார்.

"சார், சங்கத்துக் கூட்டம். நீங்க இல்லாம ஆரம்பிக்க மாட்டோம்."

போனேன். அருள் நடத்துகிற டியூஷன் சென்டரில் கூட்டம். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் நாற்பது பேர் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன். போனில் திட்டியதை நேரிலும் ஒரு தடவை மொத்தமாகத் தந்துவிடுவது என்று முடிவு. தமிழரசு முந்திக்கொண்டார்.

"புதுச் செயலாளருக்கு எல்லாரும் ஒரே பேரைத்தான் சொல்றீங்க. சத்தியராஜ் சார். முதல்ல கொஞ்சம் வேகப்பட்டாரு, இல்லேங்கல. நான்கூட குழுவுலேர்ந்து எடுத்தேன். ஆனா அப்புறம் அம்மா மூலமா அவர் சொல்லி அனுப்பினாரு பாருங்க, ஒவ்வொண்ணும் முத்து. படிக்கிறேன்."

போனை எடுத்துப் படித்தார்.

"'அவர் சொல்லச் சொன்னார்: ஜெயராமன் சார், உங்கள் காரை இரண்டடி தள்ளி நிறுத்தினால் பால்காரருக்கும் வசதி. அன்புடன் சத்தியராஜ்.'"

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. நான் சொன்னது: 'கண்ணு கீதா உனக்கு? நாளைக்கு வண்டி இங்க நின்னா கண்ணாடி நிக்காது.'

"'அவர் சொல்லச் சொன்னார்: தமிழரசு சாருக்கு வேலை அதிகம். குப்பை வண்டிக்காக நானே ஆபீஸில் போய்ப் பேசட்டுமா? அன்புடன் சத்தியராஜ்.' எனக்கே வெக்கமாயிடுச்சு. மறுநாளே நான் போய்ப் பேசினேன்."

நான் சொன்னது, குப்பையை அள்ளித் தமிழரசு வாசலில் கொட்டுவேன் என்று.

"இதுதாங்க முக்கியம். மே மாசம் போட்டது. 'அவர் சொல்லச் சொன்னார்: வெளியூர் போகும்போது யாரும் குழுவில் சொல்ல வேண்டாம். படமும் வேண்டாம். குழுவில் இருக்கும் எல்லாரையும் நமக்குத் தெரியாது. திரும்பி வந்து போடுங்கள். அன்புடன் சத்தியராஜ்.' மேக்ஸ்வெல் இதைக் கேட்டிருந்தா அண்டா இருந்திருக்கும்."

மேக்ஸ்வெல் தலை குனிந்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "அதெல்லாம் நான்…"

ஜெயராமன் என் கையைப் பிடித்தார்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஒன்னு நாப்பது இன்னும் என் போன்ல இருக்கு. ஒரு வருஷம் நீங்க யாரையும் தப்பா ஒரு வார்த்தை பேசலேன்னா அழிச்சுடறேன், பேசினா நேரா ஸ்டேஷன்தான்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தேன். இன்னும் நாலு மாசம் பாக்கி. ஆனா எதுக்கு சார்? என் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க அனுப்பின வாழ்த்தைப் படிச்சு அவ அழுதுட்டா. இப்பவே அழிச்சுடறேன்."

போனில் விரலைக் கொண்டுபோனவர், நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

விரல் அந்தரத்தில் நின்றது. முப்பத்தாறு வருஷத்தில் எந்த மெஷினிலும் எவன் விரலையும் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. ஒன்று நாற்பதுக்குள் என்னென்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஸ்டேஷன் பெஞ்சும், மாத்திரை டப்பாவும் தெரிந்தன.

"நன்றி," என்றேன்.

அழித்தார். என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

ஞானகுமாரி கோயிலிலிருந்து வந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"நிர்வாகக் குழுவுல ஜெயராமன் யாரு?"

செருப்பைக் கழற்றினாள்.

"பத்மா."

திருநின்றவூரில் இருக்கும் அவள் தங்கை.

"தமிழரசு?"

"என் பழைய போனு."

"செல்வகுமாரு?"

"நம்ம ரியா. உங்க போன்ல பேர மாத்தி வெச்சதும் அவதான். பாவம், காரணமே இல்லாம வாங்கிக் கட்டிகிச்சு."

"வஞ்சிரக் கொழம்பு?"

"பத்மா வெச்சது. பீரோ சாவி கேட்டதும் அவதான். சொம்மா தமாசுக்குக் கேட்டா, அரிசி டப்பான்னு சொல்லிட்டீங்களே மனுசா! அன்னிக்கே எடுத்து வேற எடத்துல வெச்சிட்டா."

"எங்க வெச்சா?"

"அத உங்களாண்ட சொல்றதா?"

எனக்குக் கோபம் வந்தது. "எட்டு மாசமா என்ன ஏமாத்திகினு…"

"நீங்க திட்டாம இருக்க மாட்டீங்க. அவங்க கேட்டா சும்மா இருக்க மாட்டாங்க. நீங்களும் திட்டினீங்க, அவங்களும் கேக்கல. இதுல யாருக்கு இன்னா கொறஞ்சு போச்சு? ஒக்காருங்க, தோச ஊத்தறேன்."

உட்கார்ந்தேன்.

பெரிய குழுவில் என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் என் போன் இப்போது ஞானகுமாரியிடம் இருக்கிறது. செயலாளர் செய்தியெல்லாம் அதில்தான் போகிறது. எனக்கு, இதுவரை தமிழரசுவாக இருந்த அவளுடைய பழைய போன். அதில் நிர்வாகக் குழு மட்டும். பத்மாவுக்குக் காலையில் என் திட்டு வராவிட்டால் வேலை ஓடவில்லையாம்.

இந்தக் கதையை நான் எழுதியபோது ஜெயராமனைப் பற்றி ஏழு வரி இருந்தது. வெங்காயத்தைப் பற்றித் தனியாக நான்கு வரி. ஒன்று நாற்பதில் சொன்னது ஒரு சொல் விடாமல் இருந்தது. நல்ல வரிகள். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை படிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். நீங்கள் படித்தது, எடுத்தது போக மீதி.

எடுத்தவள் ஞானகுமாரி.