நாக்கு சாரின் கண்டுபிடிப்பு

"இனிக்குது" என்றார் நாக்கு சார்.

காய்ச்சும் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீர் ஆலையில் யாருமே கேட்க விரும்பாத வார்த்தை அது. "நல்லாப் பாருங்க சார். போன வாரம் போட்ட அதே அளவுதான்."

நாக்கு சார் இன்னொரு மடக்கு எடுத்து, வாய்க்குள் இப்படியும் அப்படியும் உருட்டி, பக்கத்துத் தொட்டியில் துப்பினார். "லேசாத்தான். ஆனா இனிக்குது."

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபத்தாறு வருஷமாக அந்த ஆலையில் ருசி பார்ப்பவர். தினமும் காலை பத்து மணிக்கு அவர் தலையசைத்த பிறகுதான் பீர் பாட்டிலுக்குள் போகும். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி கேட் காவலர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் நாக்கு சார்தான். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆய்வகத்தம்மா கருவியைக் குனிந்து பார்த்தார். "கசப்பு எப்பவும் போலத்தான் இருக்கு. மெஷின் பொய் சொல்லாது."

அவருக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது. தனிக்கட்டை. தானே போட்டு ஃப்ளாஸ்கில் கொண்டுவரும் காபியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்பவர். அதனால் ருசி விஷயத்தில் அவர் பேச்சை அங்கே யாரும் சட்டை செய்வதில்லை.

மாஸ்டர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "நீங்க சொன்னப்புறம் எனக்கும் அப்படித்தான் தோணுது சார்."

அன்று மதியமே கொப்பரையில் ஒரு பிடி ஹாப்ஸ் கூடுதலாக விழுந்தது. பீருக்குக் கசப்பைக் கொடுக்கிற பூ அது.

அடுத்த மாதம் மறுபடியும் இனித்தது. மறுபடியும் ஒரு பிடி. அதற்கடுத்த மாதமும் அதே கதை. நான்காவது மாதம் கடிதங்கள் வர ஆரம்பித்தன.

மேனேஜர் புதியவர், இருபத்தொன்பது வயது. கடிதக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "'மருந்து மாதிரி இருக்கு.' 'ரெண்டாவது வாய் இறங்கல.' 'யார் மேல என்ன கோபம்?'"

நாக்கு சார் ஒரு கடிதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். வயசானா நாக்கு மழுங்கிடும்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பரீட்சை வச்சுப்போம். மூணு கிளாஸ். ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற. எது வேறன்னு சொல்லிட்டா இந்த அறை உங்களோடதுதான்."

"சொல்லலேன்னா?"

"லேபிள் ஒட்டற பகுதில ஒரு நாற்காலி காலியா இருக்கு."

லேபிள் ஒட்டுவது கேவலமில்லை. ஆனால் அங்கே போனபிறகு நாக்கு சாரை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? அந்தக் கவலைதான் அவரை அரித்தது.

பயத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி அவரை விடவில்லை. பத்து வயதில் அப்பாவின் கிளாஸில் விரலை விட்டு நக்கிவிட்டு, இந்தக் கண்றாவியை யார் குடிப்பார்கள் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர் அவர். இருபதில் நண்பர்கள் பீர் குடிக்க, அதில் பாதிக்குப் பாதி ஆரஞ்சு சோடாவை ஊற்றிக் குடித்தவரும் அவரே. முப்பதில் கசப்பு பிடித்துப்போயிற்று. இப்போது எவ்வளவு கசந்தாலும் போதவில்லை. ஒரே வாய்க்குள் இத்தனை பேர் எப்படிக் குடியிருந்தார்கள்?

மறுநாள் ஆலை டாக்டரம்மாவிடம் போனார். ஐம்பது தாண்டியவர்களுக்கு வருஷா வருஷம் ரத்தம் எடுத்துப் பார்ப்பவர் அவர்தான்.

"நாக்கை நீட்டுங்க." டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒரு கோளாறும் இல்ல. வீட்டுல காபி யார் போடறது?"

"என் வீட்டுக்காரிதான்."

"எப்படி இருக்கும்?"

"முப்பது வருஷமா அதே கை, அதே ருசி."

"அப்பக் கவலையே படாதீங்க" என்று டாக்டரம்மா சிரித்தார்.

நாக்கைக் காட்டப் போனால் காபியைப் பற்றி விசாரிக்கிறாரே என்று முனகிக்கொண்டே வெளியே வந்தார் நாக்கு சார். ஆனால் வழியில் அவருக்குப் பொறி தட்டியது. எல்லா ருசியும் மாறிப்போனாலும் மாறாத ருசி ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. தராசுக்கு எடைக்கல் போல, அதை வைத்து நாக்கைச் சரிசெய்துவிடலாமே.

அன்று முதல் நாக்கைக் குழப்பும் மிளகு, பிஸ்கட், பழம் எல்லாம் தள்ளுபடி. தினமும் ஆறு காபி.

"ஆறாவதா? எதுக்குங்க இவ்வளவு?" என்று மனைவி கேட்டாள்.

"உலகத்துல மாறாதது உன் காபி ஒண்ணுதான். அதை வச்சுத்தான் இனிமே மத்ததை அளக்கப்போறேன்."

சாதாரணமாக இப்படி ஒரு பாராட்டுக்கு அவள் ஒரு வாரம் பூரித்துப்போவாள். அன்று என்னவோ, பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை. நாக்கு சார் அதைக் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை பீர் முன்னைவிட அதிகமாக இனித்தது. லேபிள் பகுதி நாற்காலி எந்த ஜன்னலோரம் இருக்கிறது என்று போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று கிளாஸ்கள் வரிசையாக நின்றன. ஆய்வகத்தம்மா, மாஸ்டர், மேனேஜர் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு சார் மூன்றிலும் ஒவ்வொரு வாய் எடுத்து உருட்டித் துப்பினார்.

"நடுவுல இருக்கறது வேற" என்றார்.

சரி. கிளாஸ்களை மாற்றி வைத்தார்கள். சரி. பத்துத் தடவை மாற்றினார்கள். பத்தும் சரி.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "நாக்கு மழுங்கவே இல்லையே. அப்புறம் ஏன் சார் இனிக்குது?"

உயிர் திரும்பி வந்த தெம்பில் நாக்கு சார் மனதில் இருந்ததைச் சொன்னார். "மழுங்கறதில்ல தம்பி. வயசு ஏற ஏற நாக்கு கசப்பைத் தேடுது. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கணும்."

மேனேஜருக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. உடனே ஆலை முழுவதையும் வரிசையில் நிறுத்தி, பழைய பீரில் ஒரு வாய், புதுக் கசப்பில் ஒரு வாய் என்று கொடுத்தார். இளவட்டங்கள் அத்தனை பேரும் பழையதுதான் சரி என்றார்கள். ஐம்பது தாண்டிய ஆண்கள், நாக்கு சாரையும் மாஸ்டரையும் சேர்த்துப் பதினாலு பேர். பதினாலு பேரும் சொல்லிவைத்தாற்போல், பழையது இனிக்கிறது, புதியதுதான் பீர் என்றார்கள். கேட் காவலர் இரண்டாவது கிளாஸ் கேட்டார்.

ஆய்வகத்தம்மா மட்டும், "எனக்குப் பழசுதான் சரியா இருக்கு" என்றார்.

"ஒண்ணு ரெண்டு உதைக்கத்தான் செய்யும்" என்று மேனேஜர் அதை ஒதுக்கிவிட்டார்.

மூன்றே வாரத்தில் இரண்டு பீர்கள் வெளிவந்தன. பழையது இளைஞர்களுக்கு. கசப்பானதன் பெயர் 'ஐம்பதுக்கு மேல்'. அதன் லேபிளில் நாக்கு சாரின் படம். லேபிள் பகுதிக்கு அவர் போகத்தான் போனார், பாட்டில் பாட்டிலாக ஒட்டப்பட்டு.

மனைவிக்கு முட்டிவலி. அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனபோது, நாக்கு சார் ஒரு பாட்டிலையும் கையோடு கொண்டுபோனார். முட்டியைக் காட்ட விடாமல் தன் கண்டுபிடிப்பை ஆதியோடந்தமாக விளக்கினார். மனைவி சுவரிலிருந்த காலண்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு பேருக்கும் ஒரே மாதிரி டாக்டர். ஆய்வகத்தம்மா ஒருத்தருக்குத்தான் ஒத்துவரல. ஏன்னுதான் புரியல."

"அவங்களுக்கு வீட்டுல காபி போட்டுக் கொடுக்க ஆள் இல்லையே" என்றார் டாக்டரம்மா.

பாட்டிலில் இருந்த படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, காபில சர்க்கரையைச் சிட்டிகை சிட்டிகையாக் குறைச்சு, அவங்களுக்குத் தெரியாம நிறுத்திடுங்கன்னு நான் போன வருஷம் பதினாலு வீட்டுலயும் சொன்னேனே, ஒருத்தர் கூடவா இன்னும் வாயைத் திறக்கல?"