பூஜையில் இருக்கும் பாடத்திட்டம்

மாற்றத்தை எதிர்க்கும் மனிதரோடு சண்டையாவது போடலாம். மாலை போட்டு வரவேற்பவரை என்ன செய்வீர்கள்? மலாக்காவில் காஜா பேராங் பக்கத்துச் சின்னத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் ராஜரத்தினம் இந்த இரண்டாவது இனம்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. மேலிடத்திலிருந்து எது வந்தாலும், "இதத்தான நானும் இத்தன வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்பார். கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, பேசுபவர் வாய் திறக்குமுன்பே தலையாட்டத் தொடங்கி, அவர் வாயை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருப்பார். பள்ளிக்குத் திரும்பியதும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நேற்று விட்ட இடத்திலிருந்து நேற்றைய பாடத்தையே நடத்துவார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மெர்டேக்கா கொடி ஏறிய வருஷம் அது. இனிப் பிள்ளைகள் மலாயாவின் ஆறுகளையும் ஈயத்தையும் ரப்பரையும் படிக்க வேண்டும் என்று புதுப் பாடத்திட்டமும், அதற்கான புத்தகக் கட்டும் வந்து இறங்கின. ராஜரத்தினம் இத்தனை வருஷமும் நடத்தியது இந்தியாவின் ஆறுகளை. காவிரியை அவர் தூக்கத்திலும் நடத்துவார். சில மத்தியானங்களில் நடத்தியும் இருக்கிறார். பகாங் ஆறு எங்கே பிறக்கிறது என்று யார் கண்டது? தெரியாது என்று நேற்று வேலைக்கு வந்த ருக்மணி டீச்சர் முன்னால் சொல்ல முடியுமா? நாற்காலியின் கதி என்ன?

நல்லவேளையாகச் சரஸ்வதி பூஜை வந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் மாலை வாங்கி, புத்தகக் கட்டைப் பிரிக்காமலே சந்தனம் குங்குமம் வைத்து, சாமி அலமாரியில் ஏற்றிவிட்டார். பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று படிக்கக்கூடாது. மறுநாள் எடுத்துப் படிக்க வேண்டும். அவர் முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

தீபாவளி போனது. பொங்கல் போனது.

"சார், அந்தப் புக்கெல்லாம் எப்ப எறக்குறது? பிள்ளைங்க கேக்குதுங்க."

"பிள்ளைங்க கேக்குதா, நீங்க கேக்குறீங்களா டீச்சர்?"

"நாந்தான் சார் கேக்குறேன்."

"நல்ல நாள் பாத்துக்கிட்டு இருக்கேம்மா."

நல்ல நாளுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் சேதுராமன் வந்துவிட்டார். புதுப் பாடத்தைத் தொடாத தலைமையாசிரியர்களைக் காட்டோரத் தோட்டப் பள்ளிகளுக்கு மாற்றுகிறார் என்று பேச்சு. வந்ததும் முதல் வரிசையில் இருந்த சீதாவைக் கேட்டார்: "ஒங்க ஊர்ல ஓடுற ஆறு பேரு என்னம்மா?"

"காவிரி சார்."

மலாக்கா ஆற்றைத் தினமும் பாலத்தில் தாண்டி வரும் பெண் அவள். ராஜரத்தினத்தின் கண்முன்னே அட்டைகள் நெளியும் ஒரு தோட்டப் பள்ளி தோன்றியது.

"புதுப் புத்தகம் எங்க சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சாமி அலமாரியைத் திறந்து சூடம் கொளுத்தினார் ராஜரத்தினம். சேதுராமனின் கால்கள் தாமாகவே சப்பாத்துகளைக் கழற்றின. கைகள் குவிந்தன.

"எறக்கட்டுங்களா சார்?"

"வேணாம் வேணாம். சாமி காரியம்லா."

இறக்கினால் அதிலிருந்து கேள்வி கேட்க வேண்டும். கேட்க வேண்டுமானால் இன்ஸ்பெக்டரும் அதைப் படித்திருக்க வேண்டுமே. விபூதி பூசிக்கொண்டு, "இவ்வளவு மரியாதய நான் எந்தப் பள்ளியிலயும் பாக்கல. அடுத்த மாசத் தலைமையாசிரியர் கூட்டத்துல புதுப் பாடத்திட்டத்தப் பத்தி நீங்கதான் பேசணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ராஜரத்தினம் பேசினார். பாடத்திட்டத்தின் பெருமை, அருமை, அவசியம், அவசரம் என்று ஒரு மணி நேரம் பேசினார். அதைச் சாமி அலமாரியில் வைத்துக் கும்பிடுவதையும் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் தொடவில்லை. கடைசியில் உஜோங் பாசிர் பள்ளித் தலைமையாசிரியர் பிச்சை எழுந்தார்.

"ஒரு சந்தேகம் சார்."

பகாங் ஆறுதான் வருகிறது என்று ராஜரத்தினம் வாசலைப் பார்த்தார்.

"அந்தச் சாமி அலமாரிய கெழக்கப் பாத்து வைக்கணுமா, வடக்கப் பாத்தா?"

அத்தனை தலைமையாசிரியர்களும் பென்சிலை எடுத்தார்கள். ராஜரத்தினத்துக்கு உயிர் வந்தது. நாற்காலியும் தங்கியது.

அன்று சாயங்காலமும் சீதா பாலத்தில் நின்று, கீழே ஓடும் காவிரியை வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. சுதந்திரம் வந்த சந்தோஷத்தில் நீங்களும் மலாய் படிக்கப் புத்தகம் ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, பெயரையும் எழுதி வைத்தீர்களே, அது இப்போது எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?